ஒற்றைக் குச்சியாக நிற்கும் பழக்கன்றைக் கிளைக்க வைப்பது எப்படி?

கன்று நட்டு ஓராண்டு ஆகியிருக்கும். நேராக, ஒற்றைக் குச்சியாக, நெஞ்சு உயரத்துக்கு வந்துவிட்டது. மேற்பாதியில் இலைகள் இருக்கின்றன. பக்கக் கிளை என்று சொல்ல ஒன்றுகூட இல்லை. பார்ப்பவர்கள் "நன்றாக வளர்கிறதே" என்பார்கள். உண்மையில் அந்தக் கன்று உயரத்தை மட்டும்தான் சேர்த்துக்கொண்டிருக்கிறது. காயைத் தாங்கப்போகும் கிளைகளின் கட்டமைப்பு இன்னும் தொடங்கவே இல்லை. இந்தக் கட்டத்தில் செய்ய வேண்டிய வேலை, அதன் நுனியை வெட்டுவது.

முதல் முறையாக மரம் வளர்ப்பவர்கள் இந்த இடத்தில்தான் தயங்குகிறார்கள். ஆசையாக வளர்த்த கன்றின் தலையையே வெட்டுவதா என்று கை வராது. அந்தத் தயக்கம் நியாயமானதுதான். ஆனால் நுனியை வெட்டியதும் கன்றுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துவிட்டால் பயம் பெரும்பாலும் போய்விடும். எங்கே வெட்டுவது, எப்போது வெட்டுவது, எவ்வளவு வெட்டுவது என்ற கேள்விகளுக்கும் பதில் அங்கிருந்தே வரும். கவாத்து என்றதும் வேண்டாத கிளைகளைக் கழிப்பது என்று நினைத்துக்கொள்கிறோம். இளங்கன்றில் கழிக்க எதுவும் இல்லை. எந்த மொட்டு கிளையாக வேண்டும் என்று தேர்ந்தெடுப்பதுதான் அங்கே கவாத்து.

கிளை மேலே ஏறாது

தண்டில் 60 செ.மீ. உயரத்தில் ஒரு கிளை இருந்தால், மரம் வளர வளர அந்தக் கிளையும் உயர்ந்துகொண்டே போகும் என்று பலர் நம்புகிறார்கள். அப்படி நடப்பதில்லை. மரம் நீள்வது நுனிகளில் மட்டும். ஏற்கெனவே முற்றிவிட்ட தண்டு பருக்குமே தவிர, நீளாது. 60 செ.மீ. உயரத்தில் பிரிந்த கிளை இருபது ஆண்டு கழித்தும் அதே உயரத்தில்தான் இருக்கும். கிளை பருப்பதால் அதன் அடிப்பக்கம் தரையை இன்னும் கொஞ்சம் நெருங்கியதுபோலக்கூடத் தெரியும்.

ஆகவே முதல் கிளை எந்த உயரத்தில் பிரிகிறது என்பது மரத்தின் வாழ்நாள் முழுவதற்கும் முடிவாகிவிடுகிறது. ஒற்றைக் குச்சியை அதன் போக்கில் விட்டால் அது தலைக்கு மேலே எங்கோ பிரியும். காய் பறிக்க ஏணி வேண்டும், மருந்து தெளிப்பது சிரமம், பலத்த காற்றில் தலை கனத்து ஆடும். பத்து ஆண்டு கழித்து அதைத் தாழ்த்த வேண்டுமென்றால் ரம்பம் எடுத்துத் தொடை கனமுள்ள மரத்தை அறுக்க வேண்டியிருக்கும். அதே முடிவை இன்று பென்சில் கனமுள்ள தண்டில் ஒரே வெட்டில் எடுத்துவிடலாம். காயம் சில வாரங்களில் மூடிக்கொள்ளத் தொடங்கும். கன்றாக இருக்கும்போதே வெட்டிவிடுங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

நுனியின் ஆதிக்கம்

ஒவ்வோர் இலையும் தண்டோடு சேரும் மூலையில் ஒரு மொட்டு இருக்கிறது. உற்றுப் பார்த்தால் சிறு புடைப்பாகத் தெரியும். இலை உதிர்ந்த பிறகும், அது இருந்த தழும்புக்கு மேலே அந்த மொட்டு அப்படியே தங்கியிருக்கும். ஒற்றைக் குச்சி என்று நாம் நினைக்கும் தண்டில் இப்படிப் பல மொட்டுகள் உறங்கிக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு கிளையாகலாம். ஆனால் உச்சியில் இருக்கும் நுனி மொட்டு அவற்றை எழவிடுவதில்லை. தாவரவியலில் இதை நுனி ஆதிக்கம் என்கிறார்கள்.

நுனியில் உள்ள இளந்துளிர்கள் ஆக்சின் என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன. அது தண்டு வழியே மேலிருந்து கீழாக ஒரே திசையில் கடத்தப்படுகிறது. 1930-களின் தொடக்கத்தில் கென்னத் தைமன், ஃபோல்க் ஸ்கூக் என்ற இரு ஆய்வாளர்கள் அவரைக் குடும்பத்துச் செடி ஒன்றை வைத்து இதைச் சோதித்தார்கள். நுனியை வெட்டியதும் பக்க மொட்டுகள் வளர்ந்தன. வெட்டிய முனையில் ஆக்சினை வைத்தபோது, நுனியே இல்லாத நிலையிலும், மொட்டுகள் பழையபடி அடங்கியிருந்தன. நுனியின் அதிகாரம் எந்தப் பொருளின் வழியாக வருகிறது என்பது அதில் தெளிவாயிற்று.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. மேலிருந்து வரும் ஆக்சின் பக்க மொட்டுக்குள் புகுந்து அதை நேரடியாக அடக்குவதில்லை. பக்க மொட்டு வளர வேண்டுமானால் அது தன்னுடைய ஆக்சினைத் தண்டுக்குள் அனுப்பத் தொடங்க வேண்டும். நெடுஞ்சாலையில் வண்டிகள் இடைவெளி விடாமல் போய்க்கொண்டிருந்தால் சந்திலிருந்து வரும் வண்டி உள்ளே நுழைய முடியாமல் நிற்குமே, பக்க மொட்டின் நிலையும் அதுதான். நுனியை வெட்டியதும் சாலை காலியாகிறது.

ஆக்சின் மட்டுமே எல்லாவற்றையும் நடத்துவதில்லை. வேரிலிருந்து மேலேறும் சைட்டோகைனின் மொட்டுகளை எழுப்பும் பக்கத்தில் நிற்கிறது. இந்த வகை ஹார்மோன்களில் முதலாவதை 1955-இல் அடையாளம் கண்டவர்களில் அதே ஸ்கூக்கும் ஒருவர். கிளைப்பதைத் தடுக்கும் இன்னொரு ஹார்மோன் வகையான ஸ்ட்ரிகோலாக்டோனின் பங்கு 2008-இல்தான் வெளிப்பட்டது. 2014-இல் பட்டாணிச் செடியில் நடந்த ஓர் ஆய்வு இன்னொன்றைக் காட்டியது: நுனி போனதும் அதற்குப் போய்க்கொண்டிருந்த சர்க்கரை பக்க மொட்டுகளுக்குத் திரும்புகிறது, ஆக்சின் குறைவதற்கு முன்பே மொட்டுகள் விழிக்கத் தொடங்குகின்றன. தோட்டத்தில் நிற்பவருக்கு இது உதவும் செய்தி. மொட்டு விழிக்கச் சாப்பாடு வேண்டும், சாப்பாடு இலையிலிருந்து வர வேண்டும். வெட்டிய இடத்துக்குக் கீழே நல்ல இலைகள் சில இருந்தால் கன்று சீக்கிரம் துளிர்க்கும். இலையே இல்லாத மொட்டைக் குச்சியாக நிறுத்திவிட்டால் தண்டிலும் வேரிலும் சேமித்ததை வைத்துத்தான் அது சமாளிக்க வேண்டும்.

சரி, இதிலிருந்து கத்தரி பிடிப்பவர் நினைவில் வைக்க வேண்டியது என்ன? வெட்டுக்கு மிக அருகில் உள்ள மொட்டுகளே முதலில் விழிக்கும். பொதுவாக இரண்டிலிருந்து நான்கு மொட்டுகள். அவை வளர்ந்ததும் தாமே ஆக்சின் சுரந்து, தங்களுக்குக் கீழே உள்ளவற்றை மறுபடியும் அடக்கிவிடும். எனவே எந்த உயரத்தில் வெட்டுகிறோமோ, அதற்குச் சற்றுக் கீழேதான் கிளைகள் வரும். இன்னும் கீழே வரும் என்று எதிர்பார்க்கக் கூடாது. அப்புறம், விழித்த மொட்டுகளில் மேலே இருப்பதுதான் வேகமாக வளர்ந்து புதிய நுனியாகப் பார்க்கும். கண்காணிக்காமல் விட்டால் சில மாதங்களில் மறுபடியும் ஒற்றைக் குச்சிதான், பழையது போன இடத்தில் ஒரு வளைவு மட்டும் இருக்கும்.

இரண்டு வகை வெட்டு

வெட்டு எல்லாம் ஒன்றில்லை. கிளையின் ஒரு பகுதியை மட்டும் நறுக்கி, அடிப்பகுதியை விட்டுவைப்பது நுனி வெட்டு. கிளை பிறக்கும் இடத்திலேயே அதை முழுவதும் எடுத்துவிடுவது அடி வெட்டு. நுனி வெட்டு கிளைக்க வைக்கும். அடி வெட்டு வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் இடம் கொடுக்கும். புதுக் கிளைகளை அவ்வளவாகத் தூண்டாது. மரம் அடர்ந்துவிட்டது என்று எல்லாக் கிளைகளின் முனையையும் கொஞ்சம் கொஞ்சம் நறுக்கிவிட்டு, ஆறு மாதத்தில் முன்னைவிட அடர்ந்துவிட்டதே என்று வருந்துபவர்கள் உண்டு. அவர்கள் செய்தது நுனி வெட்டு, தேவைப்பட்டது அடி வெட்டு.

ஒற்றைக் குச்சிக்கு நுனி வெட்டு.

முதல் வெட்டு

கன்றை நட்ட அன்றே வெட்ட வேண்டியதில்லை. பையில் வளர்ந்த கன்றானால் வேர் மண்ணில் பிடித்து, ஒரு முறையாவது புதிதாகத் துளிர்த்து, அந்தத் துளிர் முற்றட்டும். நட்டவுடன் தலையை வெட்டினால்தான் வேருக்குச் சுமை குறையும் என்று முன்பு சொல்வார்கள். வேர்மண் குலையாத கன்றுக்கு இது தேவையில்லை. இலைகள்தான் வேருக்கு உணவு அனுப்புகின்றன. நுனித் துளிர்களிலிருந்து இறங்கும் ஆக்சின் வேர் விடவும் உதவுகிறது. மண் இல்லாமல் வெறும் வேரோடு, இலையுதிர்ந்த நிலையில் விற்கப்படும் ஆப்பிள், பிளம் போன்றவற்றை நடும்போதே வெட்டுவது வேறு கதை.

துளிர் முற்றியதா என்று இலையைத் தொட்டே சொல்லிவிடலாம். இளந்துளிர் செம்பு நிறத்திலோ வெளிர்பச்சையாகவோ தொய்ந்திருக்கும். முற்றியது கரும்பச்சையாக, விறைப்பாக நிற்கும். இளந்துளிர் விடுவதற்குக் கன்று தன் சேமிப்பைச் செலவிடுகிறது. இலை முற்றிய பிறகுதான் அது திரும்பச் சம்பாதிக்கத் தொடங்கும். செலவுக் கட்டத்தில் வெட்டுவது கன்றுக்கு இரட்டை நஷ்டம். பருவத்தைப் பொறுத்தவரை, உறைபனி விழும் இடங்களில் குளிர்காலத்தின் கடைசிப் பகுதி ஏற்றது. வெப்பமான இடங்களில் உச்சக் கோடையையும் அடைமழையையும் தவிர்த்தால் போதும். கோடையில் பட்டை வெயிலில் வெந்துபோகும், அடைமழையில் வெட்டுக்காயம் வழியே பூஞ்சை நுழையும்.

உயரம்: பெரும்பாலான பழமரங்களுக்குத் தரையிலிருந்து 60 முதல் 90 செ.மீ. மா, கொய்யா போன்றவற்றுக்கு 60 முதல் 75 செ.மீ. வசதியானது. எந்த உயரத்தில் முதல் கிளைகள் வேண்டுமோ அதைவிடச் சற்று மேலே வெட்ட வேண்டும். அந்த இடத்தில் தண்டு பென்சில் கனமாவது இருக்கட்டும். பச்சையாக, வளைந்து கொடுக்கும் நிலையில் இருந்தால் இன்னும் கொஞ்சம் காத்திருக்கலாம். கன்று ஏற்கெனவே ஆளுயரம் போய், கீழ்ப்பகுதியில் இலையே இல்லாமல் நின்றால் ஒரே வெட்டில் 60 செ.மீ.க்கு இறக்க வேண்டாம். சில இலைகள் மிஞ்சும்படி உயரத்தில் ஒரு வெட்டு வெட்டி, கீழே உள்ள மொட்டுகள் விழிக்கின்றனவா என்று பாருங்கள். விழித்த பிறகு அவற்றுக்கு மேலே இறக்கிக்கொள்ளலாம்.

இப்போது மொட்டைத் தேடுங்கள். கத்தரியை வெளியே எடுப்பதற்கு முன்பே இதைச் செய்ய வேண்டும். நினைத்த உயரத்தில் தண்டைச் சுற்றிப் பார்த்து, நல்ல திரட்சியான மொட்டு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். மொட்டு எந்தத் திசையைப் பார்க்கிறதோ அந்தத் திசையில்தான் கிளை போகும். பலத்த காற்று வரும் பக்கம் பார்த்தது என்றால் பொதுவாக நல்லது, ஏனென்றால் காற்று கன்றை எதிர்ப்பக்கம் சாய்க்கும், இந்தக் கிளை அதை ஈடுகட்டும். சுவரைப் பார்த்த மொட்டு, நடைபாதையைப் பார்த்த மொட்டு இரண்டும் பின்னால் தொல்லை.

தேர்ந்தெடுத்த மொட்டுக்கு அரை செ.மீ. மேலே வெட்டுங்கள். வெட்டு லேசாகச் சாய்ந்து, மொட்டின் எதிர்ப்பக்கம் நோக்கி இறங்க வேண்டும். அப்போது தண்ணீர் மொட்டின் மேல் வழியாது. அதிகம் மேலே விட்டால் மிச்சக் குச்சி காய்ந்து, அழுகல் அதன் வழியே கீழே இறங்கும். ஒட்டி வெட்டினால் மொட்டே காய்ந்துவிடும்.

கருவியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு அலகும் ஒன்றையொன்று கடந்து செல்லும் வகைக் கவாத்துக் கத்தரி, கூர்மையாக. மழுங்கிய கத்தரி தண்டை நசுக்கும். ஒரு கன்றிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது அலகை ஸ்பிரிட்டால் துடைத்துவிடுங்கள்.

வந்த துளிர்களில் எவை நிற்கட்டும்?

நல்ல வெதுவெதுப்பும் ஈரமும் இருந்தால் இரண்டு மூன்று வாரங்களில் மொட்டுகள் உப்பத் தொடங்கும். சில மரங்களுக்கு ஒரு மாதத்துக்கு மேலும் ஆகலாம். துளிர்கள் ஒரு சாண் நீளம் வரும்வரை எதையும் தொடாதீர்கள். அப்புறம்தான் உண்மையான தேர்வு. என் பார்வையில் முதல் வெட்டைவிட இதுவே முக்கியம். முதல் வெட்டைச் சரியாகச் செய்துவிட்டு, வந்த எல்லாத் துளிர்களையும் பாவம் பார்த்து அப்படியே விட்டுவிடுபவர்கள்தான் அதிகம். ஐந்தாம் ஆண்டில் அந்த மரம் ஒரே இடத்திலிருந்து பிரிந்த துடைப்பக் கட்டையாகிவிடும்.

மூன்று அல்லது நான்கு துளிர்கள் போதும். மேலிருந்து பார்த்தால் அவை தண்டைச் சுற்றி ஏறக்குறைய சமமாகப் பரவியிருக்க வேண்டும். மூன்று என்றால் ஒவ்வொன்றுக்கும் இடையில் 120 டிகிரி. பக்கவாட்டில் பார்த்தால் ஒரே உயரத்தில் பிறக்காமல் ஒன்றுக்கொன்று சற்று இடைவெளி விட்டிருந்தால் நல்லது. 10 செ.மீ. இடைவெளி கிடைத்தாலும் மரத்துக்கு வலு கூடும். எல்லாக் கிளைகளும் ஒரே புள்ளியில் பிறந்தால் அந்தப் புள்ளிதான் நாளைக்குக் காய்ப்பாரத்தில் பிளக்கும்.

அடுத்துப் பார்க்க வேண்டியது கோணம். கிளை தண்டோடு சேரும் கவட்டை 45 முதல் 60 டிகிரி வரை அகன்றிருக்க வேண்டும். குறுகிய கவட்டையில் கிளையும் தண்டும் பருக்கப் பருக்க இரண்டின் பட்டையும் உள்ளே மாட்டிக்கொள்ளும். வெளியிலிருந்து பார்த்தால் ஒட்டியிருப்பதுபோல் இருக்கும், உள்ளே கட்டையும் கட்டையும் சேர்ந்தே இருக்காது. நல்ல காய்ப்பு வரும் ஆண்டில், காற்றோடு மழை பெய்யும் ஒரு நாளில், பாதி மரம் கிழிந்து விழுவது இத்தகைய கவட்டையில்தான். நல்ல துளிராக இருந்தும் கோணம் மட்டும் குறுகல் என்றால் தூக்கி எறிய வேண்டாம். துளிர் இளசாக இருக்கும்போது தண்டுக்கும் அதற்கும் இடையில் ஒரு துணிக் கவ்வியையோ சிறு குச்சியையோ முட்டுக் கொடுத்தால் அகன்றுவிடும். கட்டை முற்றிய பிறகு அந்தக் கோணம் தானாகவே நிலைத்துவிடும்.

வேண்டாத துளிர்களை விரலாலேயே தேய்த்து எடுத்துவிடலாம். ஒட்டுக்கன்றில் ஒட்டுப் பகுதிக்குக் கீழே வருவதை மட்டும் பார்த்தவுடனே எடுங்கள். அது வேர்ச்செடியின், அதாவது ஒட்டுக் கட்ட அடியாக நின்ற செடியின் துளிர். நீங்கள் ஆசைப்பட்டு வாங்கிய ரகம் அதில் காய்க்காது. வேர்ச்செடி வலுவானது என்பதால் விட்டுவைத்தால் மேலே உள்ள ஒட்டையே அமுக்கிவிடும். ஒட்டுக்கு மேலே, தண்டின் கீழ்ப்பகுதியில் வரும் சிறு சிம்புகளுக்கு இந்த அவசரம் இல்லை. அவற்றின் இலைகள் தண்டைப் பருக்க வைக்கின்றன, பட்டைக்கு நிழலும் தருகின்றன. நுனியைக் கிள்ளிக் குட்டையாக வைத்திருந்து ஓராண்டு கழித்து எடுத்தால் போதும்.

இரண்டாம், மூன்றாம் சுற்று

தேர்ந்தெடுத்த மூன்று கிளைகளும் முழங்கை நீளத்துக்கு மேல் வளர்ந்து முற்றியதும் அதே வேலையை மறுபடி செய்ய வேண்டும். ஒவ்வொரு கிளையிலும் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிவரை நறுக்கி, வெளிப்பக்கம் பார்த்த மொட்டுக்கு மேலே நிறுத்துங்கள். உட்பக்கம் பார்த்த மொட்டில் நிறுத்தினால் கிளை மரத்தின் நடுவுக்குள் திரும்பி வெளிச்சத்தை அடைக்கும். மூன்று கிளைகளின் முனைகளும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் இருக்கும்படி வெட்டுவது நல்லது. எது உயரமாக நிற்கிறதோ அது மற்ற இரண்டையும் முந்திவிடும்.

ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று துளிர்களை நிறுத்துங்கள். மும்மூன்றாக நிறுத்தினால் மூன்று ஒன்பதாகும், அடுத்த சுற்றில் ஒன்பது இருபத்தேழாகும். மா போல முற்றிய கிளைகளின் முனையில் பூக்கும் மரத்தில் ஒவ்வொரு முனையும் ஒரு பூங்கொத்துக்கான இடம். ஒற்றைக் குச்சியாக விட்டிருந்தால் ஒரே முனை. இந்தக் கணக்கு மனத்தில் பதிந்துவிட்டால் கை தயங்காது.

நகத்தால் கிள்ளும் முறையும் உண்டு. துளிர் இளசாக இருக்கும்போதே நுனியை மட்டும் கிள்ளிவிட்டால் கன்று இழப்பது ஒரு செ.மீ. துளிர்தான், கிளைப்பதும் சீக்கிரம் நடக்கும். கத்தரியால் வெட்டும் சுற்றுகள் பலவற்றை இது தவிர்த்துவிடும். தினமும் கன்றைப் பார்க்க முடிகிறவர்களுக்கு நான் பரிந்துரைப்பது இதைத்தான்.

நடுவில் திறந்த கிண்ண வடிவமா, நடுத்தண்டு நிமிர்ந்து நிற்கும் வடிவமா என்பது மரத்தைப் பொறுத்தது. பீச், பிளம் ஆகியவற்றுக்கு நடு திறந்திருப்பதே வழக்கம். ஆப்பிள், பேரிக்காய்க்கு நடுத்தண்டை விட்டு, சுற்றிலும் அடுக்கடுக்காகக் கிளைகள் வளர்ப்பார்கள். மாவுக்கும் கொய்யாவுக்கும் திறந்த நடுவே கையாள எளிது.

ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு குணம்

மா விட்டுவிட்டு வளரும் மரம். ஒவ்வொரு வளர்ச்சி முடிவிலும் இலைகள் ஒரே இடத்தில் கொத்தாக நெருங்கியிருக்கும். அந்தக் கொத்துக்குச் சற்று மேலே வெட்டினால் அங்குள்ள மொட்டுகள் எல்லாம் ஒன்றாக விழித்து, ஒரே வளையத்திலிருந்து பல துளிர்கள் கிளம்பும். கொத்துக்குக் கீழே வெட்டினால் துளிர்கள் குறைவாக, இடைவெளி விட்டு வரும். முதல் இரண்டு சுற்றுகளுக்குக் கொத்துக்குக் கீழே வெட்டுவதே நல்லது. மேலே வெட்டிவிட்டால் எண்ணிக்கையைக் குறைக்கும் வேலை கூடுதலாகச் சேரும்.

கொய்யாவில் இலைகள் எதிரெதிர் இணையாக இருக்கும். கணுவுக்கு மேலே வெட்டினால் இரண்டு துளிர்கள் ஒரே நேரத்தில், சம பலத்தில், கவை போல வரும். கொய்யா புதுத் துளிரிலேயே பூப்பதால் கவாத்தை நன்றாகத் தாங்கும். கற்றுக்கொள்பவர்கள் தொடங்குவதற்கு இதைவிடப் பொருத்தமான மரம் இல்லை.

சீத்தாவில் ஒரு விந்தை உண்டு. அதன் பக்க மொட்டு இலைக்காம்பின் அடிக்குள் மூடப்பட்டுக் கிடக்கும். நுனியை வெட்டினாலும் இலை இருக்கும்வரை உள்ளே உள்ள மொட்டு வெளியே வருவது கடினம். எங்கே துளிர் வேண்டுமோ அங்கே இலையைக் காம்போடு கிள்ளி எடுத்துவிட்டால் மொட்டு வெளிப்பட்டுத் துளிர்க்கும். சீத்தாவைக் கவாத்து செய்தும் கிளைக்கவில்லை என்பவர்கள் பெரும்பாலும் விட்டது இதைத்தான்.

எலுமிச்சை வகைகள் தாமாகவே கிளைக்கும். ஒட்டுக்குக் கீழ் வருவதையும், நேராக மேலே பாயும் முள் நிறைந்த நீர்ப்போத்துகளையும் எடுத்தால் போதும். மாதுளையைப் பலர் ஒற்றைத் தண்டாக்காமல் அடியிலிருந்தே மூன்று நான்கு தண்டுகளாக வளர்க்கிறார்கள். சப்போட்டா அடுக்கடுக்காகத் தானே விரியும் மரம், அதிகம் தொட வேண்டாம். தென்னைக்கும் பாக்குக்கும் இந்தக் கட்டுரையில் உள்ள எதையும் செய்துவிடாதீர்கள். அவற்றுக்கு வளரும் குருத்து ஒன்றே ஒன்று, அது போனால் மரமே போய்விடும்.

வெட்டாமலே கிளைக்க வைப்பது

ஆக்சின் கதை புரிந்தவர்களுக்கு இன்னும் இரண்டு வழிகள் தாமே தோன்றும். ஒன்று, வளைப்பது. நிமிர்ந்து நிற்கும் கிளையைக் கயிறு கட்டிச் சாய்த்தால் நுனியின் ஆதிக்கம் தளர்ந்து, கிளையின் மேற்பக்கத்து மொட்டுகள் விழிக்கும். பாதிச் சாய்வு போதும். முழுக்கப் படுக்க வைத்தால் நேராகப் பாயும் போத்துகள் வரிசையாகக் கிளம்பும். பின்னால் அவற்றை எடுக்க வேண்டியிருக்கும். மற்றொன்று, கீறுவது. குறிப்பிட்ட ஒரு மொட்டு மட்டும் விழிக்க வேண்டுமென்றால் அதற்கு அரை செ.மீ. மேலே பட்டையில் கட்டை தெரியும் ஆழத்துக்கு ஒரு சிறு குறுக்குக் கீறல் போடுவார்கள். தண்டின் சுற்றளவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. மேலிருந்து இறங்கும் ஆக்சின் அந்த மொட்டுக்கு மட்டும் தடைபடுகிறது. ஒரு பக்கம் மட்டும் கிளை இல்லாமல் வெறுமையாக நிற்கும் கன்றுக்கு இது அருமையான உபாயம். பிசின் வடியும் பீச், பிளம் போன்றவற்றில் செய்ய வேண்டாம்.

எவ்வளவு வெட்டலாம்

வெட்ட வெட்ட மரம் வேகமாக வளரும் என்று ஒரு பேச்சு உண்டு. பாதிதான் உண்மை. வெட்டிய இடத்தில் வரும் துளிர் வேகமாகத்தான் பாயும். ஆனால் மரத்தை மொத்தமாக எடுத்துக்கொண்டால், வெட்டிய கன்று வெட்டாத கன்றைவிடச் சிறியதாகவே இருக்கும். இலை என்பது உணவு செய்யும் இடம். அதை எடுத்தால் வருமானம் குறையும், காய்ப்புக்கு வருவதும் தள்ளிப்போகும். ஆகையால் கட்டமைப்புக்குத் தேவையான வெட்டுகளை மட்டும் செய்யுங்கள். ஒரு தடவையில் மொத்த இலைப்பரப்பில் கால் பங்குக்கு மேல் எடுக்காமல் இருந்தால் கன்று தளராது. முதல் நுனி வெட்டு மட்டும் இந்த அளவைத் தாண்டலாம், அதற்குத்தான் இலை முற்றும்வரை காத்திருக்கச் சொன்னேன்.

பென்சில் கன வெட்டுக்கு எந்தப் பூச்சும் வேண்டாம். மரம் காயத்தை மனிதத் தோல்போல் ஆற்றிக்கொள்வதில்லை. காயமடைந்த பகுதியை உள்ளே சுவர் எழுப்பித் தனிமைப்படுத்தி, மேலே புதுக் கட்டையால் மூடிக்கொள்கிறது. அமெரிக்க மர ஆய்வாளர் அலெக்ஸ் ஷைகோ இதை விரிவாக விளக்கினார். சுத்தமான சிறு வெட்டு என்றால் மரமே பார்த்துக்கொள்ளும். ஈரப்பதம் மிகுந்த இடத்தில் பெரிய வெட்டு விழுந்திருந்தால் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ பசை தடவலாம். வெட்டிய பிறகு திடீரென்று வெயில் படும் தண்டுக்கு நீர்த்த சுண்ணாம்பு பூசினால் பட்டை வேகாது.

ஒட்டுக்கன்றுகள் நட்ட முதல் ஆண்டிலேயே பூக்கப் பார்க்கும். ஒட்டுக்குச்சி காய்க்கும் வயதுள்ள மரத்திலிருந்து வந்தது என்பதால் அதற்குப் பூக்கத் தெரியும். தாங்கத்தான் தெம்பு இருக்காது. கிளை முனையில் பூ வந்தால் துளிர் நின்றுவிடும், கிளைப்பும் நின்றுவிடும். மாவில் முதல் இரண்டு மூன்று ஆண்டுப் பூங்கொத்துகளைக் கிள்ளிவிடுவது இதற்காகத்தான். கொய்யாவில் ஓராண்டு கிள்ளினால் போதும். கிளைகள் மூன்றாம் சுற்றைக் கடந்து, ஒவ்வொன்றும் கட்டைவிரல் கனத்துக்கு வந்ததும் பூவை விட்டுவிடலாம். அதற்குப் பிறகு அந்த மரத்துக்குத் தேவைப்படுவது பெரும்பாலும் அடி வெட்டுகள்தான்: உள்ளே நெருங்கியவை, உரசிக்கொள்பவை, காய்ந்தவை.